குளிர்தாங்கும் கிவி: காட்டுக் கொடி வீட்டுப் பந்தலுக்கு வந்த வரலாறு

குளிர்தாங்கும் கிவி என்பது கிழக்காசியாவின் குளிர்ந்த காடுகளில் இயல்பாக வளரும் ஒரு பழக்கொடி. இதன் தாவரவியல் பெயர் ஆக்டினிடியா ஆர்குட்டா. பழுப்பு நிறத் தோலும் மென்மயிரும் கொண்டு கடைகளில் விற்கப்படும் கிவிப் பழத்திற்கு இது நெருங்கிய உறவு. ஆனால் இதன் பழம் சிறியது. ஏறத்தாழ ஒரு நெல்லிக்காய் அளவே இருக்கும். தோலில் மயிர் கிடையாது. எனவே திராட்சையைப் போலத் தோலோடு அப்படியே உண்ணலாம். நறுக்கிப் பார்த்தால் உள்ளே பெரிய கிவியைப் போலவே பச்சைச் சதையும், நடுவில் வெண்மையும், சுற்றிலும் கரிய நுண்விதைகளும் இருக்கும்.

இன்று வட அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா ஆகிய பகுதிகளில் குளிர்காலம் கடுமையாக இருக்கும் ஊர்களில் வீட்டுத் தோட்டக்காரர்கள் இக்கொடியை விரும்பி வளர்க்கின்றனர். ஆனால் இந்த நிலைக்கு அது வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. ஆசியாவிலிருந்து விதை கடல் கடந்து சென்ற பின்னரும் நூறாண்டுக் காலம் அது பெரும்பாலும் நிழலுக்காகவும் இலை அழகுக்காகவுமே நடப்பட்டது. பழம் காய்த்துக் கண்முன் தொங்கியபோதும் அதைப் பயிராக எண்ணியவர்கள் சிலரே. விதை எளிதில் பயணம் செய்தது. அதனோடு சேர்ந்த அறிவு பயணம் செய்யவில்லை. அந்த அறிவு எங்கெங்கே விடுபட்டது, பிறகு எவ்வாறு மீட்கப்பட்டது என்பதே இக்கொடியின் வரலாறு.

அரண்மனையில் ஓர் ஆண் கொடி

தென்கொரியத் தலைநகர் சியோலில் சாங்தியோக் அரண்மனை உள்ளது. 1405இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அரண்மனையின் தோட்டத்தில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் மிகப் பழைய கொடி ஒன்றைக் காணலாம். அதன் வயது சுமார் 600 ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. அரண்மனை எழுவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கலாம் என்பர். தென்கொரிய அரசு அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறது. அது ஓர் ஆர்குட்டாக் கொடி. கொரிய மொழியில் இதன் பெயர் 'தாரே'.

இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அந்தக் கொடி ஒரு பழம்கூடக் காய்த்ததில்லை. காரணம் எளிது: அது ஆண் கொடி. தமிழ்நாட்டில் ஆண் பனை, பெண் பனை என்று இரண்டு இருப்பதையும், ஆண் பனையில் நுங்கு காய்க்காது என்பதையும் நாம் அறிவோம். கோவைக் கொடியிலும் இதே கதைதான். ஆக்டினிடியாவும் அத்தகைய ஈரில்லத் தாவரம். ஆண் பூக்கள் ஒரு கொடியிலும் பெண் பூக்கள் வேறொரு கொடியிலும் மலரும். இரண்டும் அருகருகே இருந்தால்தான் காய் பிடிக்கும். இந்த ஒரு செய்தி தெரியாததால் உலகின் பல தோட்டங்களில் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தனர். அதைப் பின்னர் காண்போம்.

காட்டில் பறித்துண்ட காலம்

ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரகிழக்குப் பகுதி ஆகியவை இக்கொடியின் தாயகம். அங்கே அது ஓங்கிய மரங்களின் மீது ஏறி 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து வளரும். மக்கள் அதைத் தோட்டத்தில் நட்டுப் பயிரிட்டதைவிட, இலையுதிர் காலத்தில் காட்டுக்குச் சென்று பறித்து வந்ததே மிகுதி. கொரியாவின் கோரியோ அரசர் காலத்துப் பாடலான 'சோங்சான் பியோல்கோக்' என்பதில், மலையில் காட்டுத் திராட்சையோடு தாரேப் பழத்தையும் உண்டு வாழும் வாழ்க்கை பேசப்படுகிறது. பழம் மட்டுமல்ல, வசந்த காலத்தில் துளிர்க்கும் இளந்தளிரையும் கொரியர்கள் கீரையாக வேகவைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து உண்கின்றனர்.

ஜப்பானியர் இதனைச் 'சருநாஷி' என்று அழைக்கின்றனர். 'குரங்குப் பேரி' என்பது இதன் பொருள். வடக்கே ஹொக்கைடோ தீவில் 'கொகுவா' என்ற பெயரும் வழங்குகிறது. சீன மொழியில் ஆக்டினிடியா இனத்திற்கே 'மிஹோதாவ்' என்று பெயர்; அதற்கு 'குரங்குப் பீச்' என்று பொருள். இரு மொழிகளிலும் பெயரைத் தந்தது குரங்குதான். காட்டில் இப்பழத்தை மனிதரோடு போட்டியிட்டுத் தின்ற விலங்குகளின் நினைவு இப்பெயர்களில் தங்கியிருக்கிறது. ஹொக்கைடோவில் பழுப்புக் கரடிகளுக்கும் இது பிடித்த உணவு.

பழம் தவிர வேறு பயனும் இருந்தது. ஜப்பானின் ஷிகொகு தீவில் இயா என்னும் ஆழமான பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே ஆற்றின் குறுக்கே கொடிகளால் பின்னிய தொங்குபாலம் ஒன்று இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சுமார் 45 மீட்டர் நீளமுள்ள அப்பாலம் நீர்மட்டத்திலிருந்து 14 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. அதைப் பின்னப் பயன்படுவது ஆர்குட்டாக் கொடியே. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கொடிகளை அகற்றிப் புதிய கொடிகளால் பாலத்தை மறுபடியும் கட்டுகின்றனர். இக்காலத்தில் பாதுகாப்பிற்காக உள்ளே எஃகுக் கம்பிகளும் சேர்க்கப்படுகின்றன. மனிதரைச் சுமக்கும் பாலமாகும் வலிமை இக்கொடிக்கு உண்டு என்பதைத் தோட்டத்தில் நடுபவர்கள் மறக்கக் கூடாது.

ஐரோப்பியர் சூட்டிய பெயர்

ஆக்டினிடியா என்ற பேரினப் பெயரை 1836இல் உருவாக்கியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த நதானியல் வாலிக் நேபாளத்தில் சேகரித்த ஒரு மாதிரியே அதற்கு அடிப்படை. பெண் பூவின் நடுவே சூலகத்தின் மேலுள்ள தண்டுகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்து நிற்கும். அதைக் கண்டு, கதிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் ஆக்கப்பட்டது.

ஆர்குட்டா இனத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்டு என்னும் ஜெர்மானிய மருத்துவர். அக்காலத்தில் ஜப்பான் தன் கதவுகளை வெளிநாட்டவருக்கு ஏறக்குறைய முழுமையாக மூடியிருந்தது. ஐரோப்பியரில் டச்சு வணிகர்கள் மட்டும் நாகசாகி துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் தங்க அனுமதி பெற்றிருந்தனர். 1823 முதல் 1829 வரை அவர்களின் மருத்துவராக அங்கே பணியாற்றிய சீபோல்டு, நோயாளிகளும் மாணவர்களும் கொண்டுவந்து தந்த செடிகளைத் திரட்டினார். மியூனிக்கைச் சேர்ந்த சுக்காரினி என்ற தாவரவியலாளருடன் இணைந்து 1843இல் இக்கொடியை வேறொரு பேரினப் பெயரில் விவரித்தார். 1867இல் டச்சுத் தாவரவியலாளர் மிக்கேல் அதனை ஆக்டினிடியா பேரினத்தில் சேர்த்தார். 'ஆர்குட்டா' என்ற இலத்தீன் சொல் இலை விளிம்பின் கூரிய பற்களைக் குறிக்கிறது.

இப்பெயர் பழத்தை அல்ல, இலையையே சுட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது. காய்ந்த மாதிரிகளை வைத்து ஆய்ந்தவர்களுக்கு இலைதான் கையில் இருந்தது, சுவை இல்லை.

அமெரிக்கத் தோட்டங்களில் அழகுக் கொடி

1876இல் ஜப்பானிய அரசு ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் ஒரு வேளாண் கல்லூரியைத் தொடங்கியது. அதை அமைத்துக் கொடுக்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரித் தலைவர் வில்லியம் ஸ்மித் கிளார்க் அழைக்கப்பட்டார். அவர் அங்கே இருந்தது எட்டு மாதங்கள் மட்டுமே. ஆயினும் அந்தக் காலத்திற்குள் ஹொக்கைடோக் காடுகளிலிருந்து பல வகை மர விதைகளையும் கொடி விதைகளையும் தம் ஊருக்கு அனுப்பினார். ஹொக்கைடோவின் குளிரும் மாசசூசெட்ஸின் குளிரும் ஏறத்தாழ ஒத்தவை. எனவே அங்கே வளர்வது இங்கேயும் வளரும் என்பது அவர் கணிப்பு. அவ்வாறு அனுப்பப்பட்ட விதைகளில் ஆர்குட்டாவும் ஒன்று.

அவருடைய கணிப்பு பலித்தது. கொடி செழித்து வளர்ந்தது. பனிக்காலத்தைத் தாங்கியது. பூச்சி, நோய்த் தொல்லை பெரிதாக இல்லை. சிவந்த காம்பும் பளபளக்கும் கரும்பச்சை இலையும் அக்காலச் செல்வந்தர்களைக் கவர்ந்தன. கோடைகால மாளிகைகளின் முகப்பிலும், தோட்டத்து நிழற்பந்தல்களிலும், அழகற்ற சுவர்களை மறைக்கவும் அதை நட்டனர். நாற்றுப்பண்ணைகளும் வேகமாகப் படரும் அழகுக் கொடியாகவே அதை விற்றன.

ஹொக்கைடோவில் அந்தப் பழத்தைப் பறித்துத் தின்ற சிறுவனுக்குத் தெரிந்த செய்திகள் விதைப் பொட்டலத்தில் இல்லை. பழம் மரத்திலேயே கெட்டியாக இருக்கும்போது கடித்தால் புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். மென்மையாகி, தோல் சற்றே சுருங்கத் தொடங்கும்போதுதான் தேன்போல் இனிக்கும். பச்சை இலைகளுக்கு நடுவே பச்சையாகவே பழுப்பதால் பழுத்ததைக் கண்ணால் அறிய முடியாது. கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். சிவந்தால் பழம், மஞ்சளானால் பழம் என்று பழகியவர்களுக்கு இது பழமாகவே தெரியவில்லை.

உறவினம் பெற்ற அதிர்ஷ்டம்

ஆர்குட்டா அழகுக் கொடியாகப் படர்ந்துகொண்டிருந்தபோது அதன் உறவினம் ஒன்று வேறு வழியில் உலகப் புகழ் பெற்றது. நடுச்சீனாவைச் சேர்ந்த, மயிர்த்தோல் கொண்ட அந்தக் கொடியின் விதைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவரச் சேகரிப்பாளர் மேலை நாடுகளுக்கு அனுப்பினார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவை முளைத்துப் பூத்தன, காய்க்கவில்லை. அங்கே வளர்க்கப்பட்ட தொடக்ககாலக் கொடிகள் ஆண் கொடிகளாகவே அமைந்ததே காரணம். சியோல் அரண்மனைக் கொடியின் கதை மேலை நாடுகளிலும் நடந்தது.

நியூசிலாந்தில் நடந்தது வேறு. வாங்கனூய் நகரப் பெண்கள் கல்லூரியின் தலைமையாசிரியை இசபெல் பிரேசர் சீனாவின் ஈசாங் நகருக்குச் சென்றுவிட்டு 1904இல் திரும்பும்போது கொஞ்சம் விதை கொண்டுவந்தார். அவ்விதை அலெக்சாண்டர் அலிசன் என்பவரின் கைக்குச் சென்றது. அவருடைய தோட்டத்தில் முளைத்தவற்றுள் ஆணும் இருந்தது, பெண்ணும் இருந்தது. 1910இல் பழம் காய்த்தது. இன்று உலகெங்கும் விற்கப்படும் பச்சைக் கிவியின் வம்சம் பெரும்பாலும் அந்தச் சில கொடிகளிலிருந்து தொடங்குகிறது. பின்னர் ஹேவர்டு ரைட் என்ற நாற்றுப்பண்ணையாளர் தேர்ந்தெடுத்த 'ஹேவர்டு' வகை, பறித்த பின் பல மாதங்கள் கெடாமல் இருந்தது. அதனால் கப்பலேறி உலகச் சந்தைக்குச் சென்றது. அதுவரை 'சீன நெல்லி' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட பழத்திற்கு 1959இல் ஏற்றுமதி வணிகர்கள் நியூசிலாந்துப் பறவையின் பெயரைச் சூட்டினர். அப்படித்தான் 'கிவி' வந்தது.

பல நூற்றாண்டுகளாகக் கொரியரும் ஜப்பானியரும் உண்டு வந்த ஆர்குட்டா, இதன் பிறகே மேலை நாடுகளில் 'குளிர்தாங்கும் கிவி' என்று பெயர் பெற்றது. தன் தாயகத்தில் இல்லாத ஒரு பறவையின் பெயரால், தனக்குப் பிந்திப் புகழ்பெற்ற ஓர் உறவினத்தின் நிழலில்தான் அது உலகுக்கு மறுபடியும் அறிமுகமானது.

ஹேவர்டுக்கு வாய்த்த சந்தை ஆர்குட்டாவுக்கு ஏன் வாய்க்கவில்லை? பழம் சிறியது, பறிக்க ஆள்கூலி அதிகம். தோல் மெல்லியது, அழுத்தினால் நசுங்கும். பழுத்த பின் சில நாட்களே தாங்கும். ஒரே கொடியில் பழங்கள் ஒரே நேரத்தில் பழுப்பதும் இல்லை. சந்தை கேட்கும் குணங்கள் எவையோ அவை இதனிடம் இல்லை. ஆனால் காலையில் பறித்து மதியம் உண்ணும் வீட்டுத் தோட்டக்காரருக்கு இக்குறைகளில் எதுவுமே குறையல்ல.

மிச்சூரினும் வடக்கின் பழமும்

ஆக்டினிடியாவைப் பழப்பயிராகவே கருதி வளர்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் இவான் மிச்சூரின் (1855–1935). கொஸ்லோவ் என்னும் சிறு நகரில் தம் சொந்தத் தோட்டத்தில் பழமர ஆராய்ச்சி செய்து வந்த அவர், தென்பகுதிப் பழங்களைக் கடுங்குளிர் நிலங்களுக்குக் கொண்டுவருவதை வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். அந்நகரம் 1932இல் அவர் நினைவாக மிச்சூரின்ஸ்க் எனப் பெயர் மாற்றப்பட்டது. திராட்சை விளையாத வடக்குக்கு ஆக்டினிடியா ஏற்றது என்பது அவர் நம்பிக்கை. ரஷ்யத் தூரகிழக்கில் மக்கள் இப்பழத்தை உலர்திராட்சையைக் குறிக்கும் 'கிஷ்மிஷ்' என்ற சொல்லால் அழைத்து வந்ததும் அதற்குப் பொருத்தமே.

மிச்சூரின் பெரும்பாலும் வேலை செய்தது ஆக்டினிடியா கொலொமிக்டா என்ற இனத்தோடு. அது ஆர்குட்டாவைவிடவும் குளிரைத் தாங்கும். அதன் இலைகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் தோன்றும். அவர் தேர்ந்தெடுத்த வகைகளில் ஒன்றுக்கு 'அனனாஸ்னயா' என்று பெயர். அன்னாசி மணம் உடையது என்று பொருள். அமெரிக்க நாற்றுப்பண்ணைகளில் இன்று அதே பெயரில், 'அன்னா' என்ற சுருக்கத்துடனும் விற்கப்படும் புகழ்பெற்ற வகையோ ஆர்குட்டாவைச் சேர்ந்தது. பெயர் ஒன்று, இனம் வேறு. செடி வாங்குபவர்கள் பெயரை மட்டும் நம்பினால் எதிர்பார்த்தது கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் டேவிட் பேர்சைல்டு என்ற தாவர ஆய்வாளரும் இத்துறையில் ஆர்வம் காட்டினார். வெளிநாட்டுப் பயிர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் அரசுப் பிரிவை நடத்திய அவர், ஆர்குட்டாவையும் மயிர்த்தோல் கிவியினத்தையும் கலந்து உருவாக்கிய கலப்பினத்தைப் பற்றி 1927இல் விரிவான கட்டுரை எழுதினார். ஒன்றின் குளிர்தாங்கும் தன்மையையும் மற்றொன்றின் பெரிய பழத்தையும் ஒரே கொடியில் சேர்ப்பது தாவர வளர்ப்பாளர்களை இன்றும் ஈர்க்கும் இலக்கு.

தோட்டங்கள் தந்த வகைகள்

இன்று வீட்டுத் தோட்டங்களில் வளரும் ஆர்குட்டா வகைகளில் பல, பழைய தோட்டங்களில் கேட்பாரற்றுக் கிடந்த கொடிகளிலிருந்தும் ஆய்வு நிலையச் சேகரிப்புகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 'டம்பார்டன் ஓக்ஸ்' என்ற வகை வாஷிங்டன் நகரிலுள்ள அப்பெயர் கொண்ட பழைய தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. 'ஜெனீவா' என்ற வகை நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஊரின் பெயரைத் தாங்குகிறது. ஜெர்மனியில் 'வைக்கி' என்ற வகை பவேரியாவின் வைஹென்ஸ்டெபானில் தேர்ந்தெடுக்கப்பட்டது. போலந்தில் வார்சா வாழ்வியல் அறிவியல் பல்கலைக்கழகம் 'பிங்கோ' வகையைத் தந்தது. நியூசிலாந்தின் 'கென்ஸ் ரெட்' என்ற வகையில் தோலும் சதையும் சிவந்திருக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த 'இசாய்' தனித்தன்மை கொண்டது. அப்பெயருக்கு 'ஒரு வயது' என்று பொருள். மற்ற வகைகள் பல ஆண்டுகள் காத்திருக்க வைக்க, இது இளம் பருவத்திலேயே காய்க்கத் தொடங்கும். ஆண் கொடி இல்லாமலும் காய் பிடிக்கும். அப்படிப் பிடித்த காய்களில் பெரும்பாலும் விதை இருக்காது. இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் வீரியத்திலும் குளிர்தாங்கும் திறனிலும் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவு.

வணிகப் பயிராகவும் இது மெல்ல மெல்ல இடம்பிடித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பிரான்சின் தென்மேற்குப் பகுதி, நியூசிலாந்து, சீனாவின் லியாவோனிங், ஜிலின் மாகாணங்கள் ஆகியவற்றில் தோட்டங்கள் எழுந்தன. 'கிவி பெர்ரி', 'பேபி கிவி' என்ற பெயர்களில் சிறு பெட்டிகளில் இப்போது இது கடைகளுக்கு வருகிறது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

இன்றைய வளர்ப்பு முறை மேற்கண்ட தவறுகளிலிருந்து கற்ற பாடங்களின் தொகுப்பு என்றே சொல்லலாம்.

முதல் பாடம், பாலினம். விதையிலிருந்து முளைத்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பூக்கவோ பல ஆண்டுகள் ஆகும். எனவே பாலினம் தெரிந்த கொடியிலிருந்து தண்டுக்குச்சி வேர்பிடிக்க வைத்தோ ஒட்டுக்கட்டியோ உருவாக்கிய கன்றுகளையே வாங்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி போதும். சிறு தோட்டத்தில் ஒரு பெண், ஓர் ஆண் என நடலாம். பூக்களில் தேன் இல்லாததால் தேனீக்கள் மகரந்தத்திற்காக மட்டுமே வரும். ஆகவே இரண்டும் அருகருகே இருப்பது நல்லது.

இரண்டாம் பாடம், குளிர். ஓய்வுநிலையில் இருக்கும் முதிர்ந்த கொடி சுமார் −30 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் வசந்தத்தில் விட்ட புதுத்தளிர், வெப்பநிலை சுழியத்திற்குச் சற்றுக் கீழே இறங்கினாலே கருகிவிடும். அந்தத் தளிரில்தான் பூ வரும் என்பதால் அவ்வாண்டுக் காய்ப்பும் போய்விடும். 'குளிர்தாங்கும்' என்ற பெயரை நம்பி, உறைபனி தேங்கும் பள்ளத்தில் நட்டவர்கள் இதைப் பட்டறிந்தே கற்றனர். சரிவான, காற்று மோதாத, மேட்டுப்பாங்கான இடமே ஏற்றது. மண் சற்று அமிலத்தன்மையோடு, நீர் தேங்காமல் வடிவதாக இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேரழுகல் வரும்.

மூன்றாம் பாடம், பந்தல். அவரைக்கும் பாகலுக்கும் போடும் மூங்கில் பந்தல் இதற்குப் போதாது. இயாப் பாலத்தை நினைவில் கொள்ள வேண்டும். உறுதியான கம்பங்கள் நட்டு, சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் குறுக்குச் சட்டம் வைத்து, தடித்த கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டும். கொடிகளுக்கு இடையே 3 மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். தரையிலிருந்து ஒரே ஒரு தண்டை நேராக மேலேற்றி, கம்பியை எட்டியதும் இருபுறமும் ஒவ்வொரு கிளையாகப் படரவிட வேண்டும்.

நான்காம் பாடம், கவாத்து. பழம் பிடிப்பது சென்ற ஆண்டு வளர்ந்த கிளையிலிருந்து இவ்வாண்டு வெடிக்கும் புதுத்தளிரின் அடிப்பகுதியில். இதைப் புரிந்துகொண்டால் எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பது தெளிவாகும். குளிர்காலத்தில் பழைய, காய்த்து முடிந்த கிளைகளை நீக்கி, ஒரு வயதுக் கிளைகளை இடைவெளிவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வளர்ச்சியில் பாதிக்கு மேல் வெட்டுவது இதில் வழக்கம்தான். வசந்தம் நெருங்கிய பின் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். எனவே அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கோடையிலும் கட்டுக்கடங்காமல் நீளும் கிளைகளைக் கிள்ள வேண்டும். ஆண் கொடியைப் பூத்து முடிந்ததும் வெட்டலாம். அழகுக் கொடியாக நட்டவர்கள் கவாத்து செய்யவில்லை. அதனாலேயே பழம், எட்டாத உயரத்தில் இலைக்கூட்டத்திற்குள் மறைந்து போயிற்று.

ஐந்தாம் பாடம், பொறுமை. நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழித்தே காய்ப்பு தொடங்கும். நன்கு முதிர்ந்த ஒரு பெண் கொடி ஆண்டுக்கு 20 கிலோவுக்கும் மேல் தரக்கூடும். வடக்கு நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. ஒரு காயை நறுக்கிப் பார்த்து விதை கறுத்திருந்தால் காய் முற்றிவிட்டது என அறியலாம். சில காய்கள் மென்மையாகத் தொடங்கியதும் மற்றவற்றைக் கெட்டியாகவே பறித்துக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டும்போது வெளியே எடுத்துப் பழுக்க வைக்கலாம். கிவி ஒவ்வாமை உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

இளங்கன்றுகளுக்கு ஒரு வினோதமான எதிரி உண்டு: பூனை. இக்கொடியின் தண்டிலும் வேரிலும் உள்ள மணம் சில பூனைகளை மயக்கும். அவை கன்றைக் கடித்தும் மேலே புரண்டும் அழித்துவிடும். எனவே முதல் ஓரிரு ஆண்டுகள் கன்றைச் சுற்றிக் கம்பிவலை போடுவது வழக்கம்.

பந்தலை விட்டுத் தப்பிய கொடி

வரலாற்றின் கசப்பான பகுதி ஒன்று உண்டு. மாசசூசெட்ஸின் மேற்கிலுள்ள பெர்க்சயர் மலைப்பகுதியில், லெனாக்ஸ் என்ற ஊரைச் சுற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியில் செல்வந்தர்கள் கோடை மாளிகைகளைக் கட்டினர். காலப்போக்கில் அவற்றில் பல கைவிடப்பட்டன, தோட்டங்கள் காடாயின. இன்று அவ்வூரை ஒட்டிய காட்டுப் பகுதிகளில் ஆர்குட்டா மரங்களின் உச்சிவரை ஏறி, ஒளியை மறைத்து, பனிக்காலச் சுமையோடு சேர்ந்து மரங்களைச் சாய்க்கிறது. பறவைகளும் விலங்குகளும் விதையைப் பரப்புகின்றன. தன்னார்வலர்கள் காடு காடாகச் சென்று கொடியை வெட்டி அகற்றி வருகின்றனர்.

இதை ஆக்கிரமிப்புத் தாவரமாக அறிவித்து விற்பனையைத் தடுக்க வேண்டும் என இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் கோருகின்றனர். நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ இடங்களில் நடப்பட்டும் சில இடங்களில் மட்டுமே இது பரவியது, பராமரிப்பின்றி விடப்பட்ட பழைய நடவுகளே காரணம் எனப் பயிர் ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். இருசாராரின் கவலையிலும் பொருள் உண்டு. கிளார்க் விதை அனுப்பிய அதே மாநிலத்தில்தான் இந்த வழக்கு நடக்கிறது என்பது வரலாற்றின் முரண்.

வீட்டில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் கடமை தெளிவானது. காட்டோரத்தில் நடாதிருத்தல், ஆண்டுதோறும் தவறாமல் கவாத்து செய்தல், பழத்தைக் கொடியிலேயே விட்டுவிடாமல் பறித்தல், வீட்டை விட்டுப் போகும்போது கொடியை யாரிடமாவது ஒப்படைத்தல் அல்லது அகற்றுதல்.

இந்தியாவில் கிவி

இந்தியாவில் கிவியின் வரலாறு மயிர்த்தோல் இனத்திலிருந்து தொடங்குகிறது. 1960இல் பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் அது நடப்பட்டது. கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. ஓய்வுநிலையில் இருந்து விழித்துப் பூப்பதற்குத் தேவையான குளிர் அங்கே கிடைக்காததே காரணம். 1963இல் சிம்லாவை அடுத்த பாக்லி ஆய்வு நிலையத்தில் நட்டபோது 1969இல் பழம் கிடைத்தது. அதன் பின்னரே இமாச்சலப் பிரதேசத்திலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் கிவித் தோட்டங்கள் பெருகின. ஆர்குட்டாவும் குளிர்கால ஓய்வைக் கேட்கும் கொடியே. எனவே வெப்பச் சமவெளியில் அதை நட்டுக் காத்திருப்பது, இசை கேட்காத ஊரில் கச்சேரி வைப்பது போலத்தான்.

நிறைவாக

ஒரே கொடி கொரியாவில் கீரையும் பழமுமாக, ஷிகொகுவில் பாலமாக, நியூ இங்கிலாந்து மாளிகையில் அலங்காரமாக, லெனாக்ஸ் காட்டில் களையாக இருந்திருக்கிறது. கொடி மாறவில்லை, அதைச் சூழ்ந்திருந்த அறிவும் கவனிப்புமே மாறின. ஒரு பயிரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்பவர், அதை எப்போது பறிப்பது, எவ்வாறு வெட்டுவது, எங்கே நடக்கூடாது என்பவற்றையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். அவற்றை விட்டுவிட்டு விதையை மட்டும் எடுத்துச் சென்றதன் விலையை, ஒருபுறம் நூறாண்டுகள் கவனிக்கப்படாது உதிர்ந்த பழங்களும் மறுபுறம் சாய்ந்த மரங்களும் காட்டுகின்றன.